ஏழு புள்ளி மூன்று

மூன்று பேரிடம் கேட்காமல் அக்கா குடையைத் தொடமாட்டார். மாலை ஐந்து மணிக்குத் தேநீர்க் குவளைகளைப் பொறுக்க வரும் கேன்டீன்காரரிடம் முதல் கேள்வி: "இன்னைக்கு மழை வருமா?" "இந்த வெயில்லயா?" என்று அவர் சிரித்துவிட்டுப் போவார். அடுத்து, நடையைத் தாண்டி எங்கள் வரைபடப் பிரிவின் கதவில் தலையை மட்டும் நீட்டி என்னிடம். நான் வரைகிற கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பேன். கடைசியாக ஜன்னலைத் திறந்து, கீழே வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியைப் பார்த்து ஒரு சத்தம். அவர் அண்ணாந்துகூடப் பார்க்காமல், "எடுத்துட்டுப் போங்கம்மா" என்பார்.

மூன்று பதில்களும் அக்காவின் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் ஏறும். மறுநாள் காலையில், யார் வாக்குப் பலித்தது என்று பக்கத்தில் ஒரு குறி. காவலாளிக்கு நூற்றுக்கு அறுபத்தொன்று. கேன்டீன்காரருக்கு நாற்பத்தெட்டு. எனக்கு முப்பத்தொன்பது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க?" என்றேன். "நீ வராதுன்னு சொன்னா நான் குடையை எடுத்துக்கறேன் தம்பி. தப்பாவே சொல்ற ஆளும் ஒரு துணைதான்" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

எங்கள் நீரியல் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குச் சராசரி அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். நாற்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, கயிறு கட்டிய கண்ணாடி, நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கம். ஆறுகளின் நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்படும் வயதில் தானே படிக்கக் கிளம்பியவர். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. "எனக்கப்புறம் சேர்ந்தவங்க எல்லாம் டாக்டர் ஆயிட்டாங்க. நான் இன்னும் நோயாளிதான்" என்பார்.

உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையைத்தான் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாற்காலிகளில் பாதி அங்கேயே இருந்தன. கால் போனவை சுவரில் சாய்ந்து நிற்க, கை போனவற்றின் மேல் தாள்கட்டுகளை அடுக்கியிருந்தார். 'நிறைய', 'கொஞ்சம்', 'சீக்கிரம்' போன்ற சொற்கள் அந்த அறையில் செல்லாது. "கொஞ்சம் லேட்டாகும்க்கா" என்றால், "எத்தனை நிமிஷம்?" என்று கேட்பார். ஒருமுறை மகள் வீட்டிலிருந்து போன் செய்து, காய்ச்சல் நிறைய இருப்பதாகச் சொல்லி அழுதாள். "அழாதே கண்ணு. நம்பரைச் சொல்லு, அம்மா வர்றேன்" என்றார். நம்பர் வருவதற்குள் பையைத் தோளில் மாட்டியிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

அவருடைய ஆராய்ச்சியை எனக்கு அவர் விளக்கிய விதம் இது: "ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கன்னு சொல்றோம்ல தம்பி? அந்த நாலு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு ஒரே பேச்சா பேச வைக்கிறதுதான் என் வேலை." நாளைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்லும் கணிப்புகள் நான்கு. ஒன்று, மலையில் பெய்யும் மழையை வைத்துச் சொல்வது. ஒன்று, மேலே இருக்கும் அணைக்கட்டில் ஓடும் நீரை வைத்துச் சொல்வது. மூன்றாவது, முப்பது வருடப் பழைய அளவுகளைப் படித்துத் தானாகக் கற்றுக்கொண்ட கணினி. நான்காவது மிகப் பழையது. மண் முழுக்க ஏற்கெனவே ஊறிப்போய்விட்டது, இனி ஒரு சொட்டுகூடக் குடிக்காது என்று எப்போதும் நினைத்துக்கொள்வது. அதனால் எப்போதும் கூட்டியே சொல்லும். அதற்கு அவர் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி.

நான்கில் எது எத்தனை தடவை சரியாகச் சொன்னது என்று பார்த்து, அதற்குத் தக்க மதிப்புக் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்க வேண்டும். நூறு பங்கில் முதல் மூன்றும் முப்பத்தெட்டு, முப்பத்துமூன்று, இருபத்தைந்து என்று எடுத்துக்கொண்டன. பயந்தாங்கொள்ளிக்கு மிஞ்சியது நான்கு. "அதையும் தூக்கிடலாமே?" என்று கேட்டேன். "வீட்ல வயசானவங்க ஒருத்தர் சும்மா புலம்பிக்கிட்டே இருந்தா வெளிய தள்ளிடுவோமா? ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்" என்றார். சேர்த்த எண், தனித்தனி எண்கள் எதையும்விடத் துல்லியமாக இருந்தது. நூற்று அறுபது வெள்ளங்களை எடுத்துப் பார்த்ததில் சராசரிப் பிழை வெறும் முப்பத்தொரு சென்டிமீட்டர். ஆறு வருட வேலை அந்த முப்பத்தொன்று.

அவர் கணவர் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். வெள்ளிக்கிழமைகளில் மனைவியைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வந்து, எங்கள் பிரிவில் உட்கார்ந்து கதை பேசுவார். "நான் உடைஞ்சதுக்கப்புறம் பாக்கறேன். இவ உடையறதுக்கு முன்னாடி பாக்கறேங்கறா. சம்பளம் என்னமோ எனக்குத்தான் வருது" என்று ஒருநாள் சொன்னார். அக்காவும் சிரித்தார். அந்த அறையில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

இவர்களோடு இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஒரு பாலத்தின் தூணில் கறுப்பும் வெள்ளையுமாக வண்ணமடித்த அளவுகோல் இருக்கிறது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பாலத்தில் நின்று அந்த அளவைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தார். அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, அடுத்து அக்காவுக்கும் சொல்வார். "அம்மா, மூணு புள்ளி நாலு. எழுதிக்கிட்டீங்களா?" அனேகமாக அவ்வளவுதான் பேச்சு. ஆறு வருடமாக ஒருநாளும் தவறவில்லை. நேரில் ஒருவரையொருவர் பார்த்ததும் இல்லை. அக்கா பதிலுக்கு, நாளைக்கு எவ்வளவு இருக்கும் என்று தன் எண்ணைச் சொல்வார். மறுநாள் அவர் சிரிப்போடு திருப்பிச் சொல்வார்: "ஒரு சாண் பிசகிட்டீங்கம்மா." பெரும்பாலும் பிசகாது. "உங்க வாக்கு தேவ வாக்கும்மா" என்று ஒருமுறை சொன்னாராம். அக்கா அதை என்னிடம் வந்து சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அந்த வருடம் மழை பெரிதாகப் பெய்யவில்லை. ஆனால் பதினோரு நாள் விடாமல் தூறியது. துவைத்த துணி காயவில்லை, தாள்கள் பதபதத்தன. யாரும் பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் மலையில் ஒரு கனத்த மழை. முதல் மூன்று கணிப்புகளும் ஏழு மீட்டரை ஒட்டி நின்றன. பயந்தாங்கொள்ளி வழக்கம்போல ஊரைக் கூட்டியது: பதினொன்று புள்ளி இரண்டு. எல்லாவற்றையும் சேர்த்து வந்த எண், ஏழு புள்ளி மூன்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அளவு பார்ப்பவர் அக்காவின் வீட்டுக்குப் பேசினார். பக்கத்தில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்த கணவர் அந்தப் பேச்சை வார்த்தை மாறாமல் எனக்குப் பிறகு சொன்னார்.

"அம்மா, அஞ்சு புள்ளி ஒண்ணு. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன் அண்ணே."

"ஒண்ணு கேக்கணும்மா. இங்க சில பேரு கிளம்பறாங்க. நாங்களும் கிளம்பணுமா?"

"இன்னைக்கு அதிகபட்சம் ஏழு புள்ளி மூணுதான் அண்ணே. உங்க வாசப்படி எட்டரையில இருக்குன்னு சொல்லியிருக்கீங்க. பயப்படாதீங்க."

"அது போதும்மா."

எச்சரிக்கை கொடுப்பது எங்கள் வேலையில்லை. அதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டிருந்தது. ஆறு ஏறும் நாட்களில் மணிக்கொரு தடவை அளவு எடுக்க வேண்டும் என்பதால் அவர் பாலத்திலேயே நின்றார். பதினொரு மணிக்கு ஆறு புள்ளி ஒன்பது. பன்னிரண்டு மணிக்கு ஏழு புள்ளி எட்டு. அக்கா என்னைக் கூப்பிட்டார். அளவு பார்ப்பவர் வசித்த குடியிருப்பின் உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நான் சொன்னதைத் தாண்டிடுச்சு. வீட்டுக்குப் போங்க. உடனே போங்க."

"எட்டரைக்கு இன்னும் இருக்கேம்மா. அடுத்த ஆளு ஒரு மணிக்கு வந்துடுவான். மாத்திவிட்டுட்டுப் போயிடறேன்."

அடுத்த ஆள் வரவில்லை. பாலத்துக்கும் குடியிருப்புக்கும் நடுவில் கரை உடைந்ததால் வர முடியவில்லை. ஒரு மணிக்குப் போன் அடித்தது. "எட்டு புள்ளி எட்டு." கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். "அம்மா, எங்க தெருவுல தண்ணி ஓடுது. இங்கேருந்து தெரியுது."

அவர் மனைவி இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தார் என்பது அக்காவுக்குத் தெரியும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "அண்ணே, அண்ணி?" என்று அக்கா கேட்டார். "அண்ணே, அண்ணியை யாராவது தூக்கிட்டாங்களா?"

"அளவை எழுதிக்கிட்டீங்களாம்மா?"

இரண்டு மணிக்கு ஒன்பது புள்ளி ஏழு. மூன்று மணிக்குப் பத்து புள்ளி மூன்று. நாலரைக்குப் பத்து புள்ளி ஆறு. அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. அந்தப் பாலத்தில் தனியாக நின்ற மனிதருக்கு அளவு பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய வழியில்லை. அதனால் அதைச் செய்தார். அக்காவும் எழுதினார். ஒவ்வொரு எண்ணையும் திருத்தமான கையெழுத்தில் எழுதினார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை தாளில் சொட்டியது. நான் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வீடு இருந்த மூன்றாவது தெரு எந்த உயரக் கோட்டில் இருக்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல் நின்றேன். அந்த வெள்ளத்தில் இறந்தவர்கள் நான்கு பேர். அவர் மனைவி அதில் ஒருவர்.

பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளம் எதுவரை ஏறியது என்று சுவர்களில் பார்த்து வரைபடம் போட என்னை அங்கே அனுப்பினார்கள். அக்காவும் வருகிறேன் என்றார். பேருந்தில் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆனது. அவர்கள் இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது அந்த வீட்டு வாசலில். குள்ளமான, காது ஓரம் நரைத்த மனிதர். சட்டைப் பையில் பேனா. நாங்கள் கேட்பதற்கு முன்பே என் கையிலிருந்த அளவு நாடாவை வாங்கி, வாசற்படியில் ஒரு முனையை மிதித்துக்கொண்டு, மறுமுனையைச் சுவரில் சேறு நின்ற கோடு வரை இழுத்துப் பிடித்தார்.

"வாசப்படிலேருந்து ரெண்டு புள்ளி ஒண்ணும்மா. எழுதிக்கிட்டீங்களா?"

அக்காவால் எழுத முடியவில்லை. நான் எழுதினேன்.

"என்னை ரெண்டு வார்த்தை திட்டிடுங்க அண்ணே" என்றார் அக்கா.

அவர் நாடாவைச் சுற்றிக்கொண்டே பேசினார். குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. "பக்கத்து வீட்டுப் பசங்க காலையில வந்தாங்கம்மா. கட்டிலோட தூக்கிட்டுப் போயிடறோம்னாங்க. நான்தான் வேணாம்னேன். மேட்டுத் தெருக்காரரு கிளம்புன்னாரு, என் தங்கச்சி கிளம்புன்னா. ஏழு புள்ளி மூணுதான், போங்கடான்னு சொன்னேன். அத்தனை பேரு சொன்னாங்க. நான் உங்களை மட்டும்தாம்மா கேட்டேன்."

அதில் குற்றச்சாட்டு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம். திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலப் போன் வந்தது. "அம்மா, ரெண்டு புள்ளி எட்டு." அடுத்த நாளும் வந்தது. அவர் நிறுத்திவிட்டால் தேவலை என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். நிறுத்தவில்லை. அக்காதான் பதிலுக்குத் தன் எண்ணைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

பீரோக் கதவிலிருந்த தாள் கிழிக்கப்பட்டது. மழை வருமா என்று யாரையும் கேட்பதில்லை. கொளுத்தும் வெயிலிலும் குடை கையில் இருந்தது. கேன்டீன்காரருக்கு என்னவோ போலாகிவிட்டது. சில நாள் அவராகவே, "அம்மா, இன்னைக்கு வராதும்மா" என்று சொல்லிப் பார்த்தார். அக்கா தலையாட்டிவிட்டுக் குவளையை நீட்டுவார்.

ஆய்வேடு முடியும் தறுவாயில் இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் கெட்டவர் அல்ல. அக்காவுக்காகப் பதிவுக் காலத்தை மூன்று முறை நீட்டித்துக் கொடுத்தவர். வெள்ளத்தைப் பற்றி ஒரு தனி அத்தியாயம் எழுதப்போவதாக அக்கா சொன்னபோது, என் அறைக்கே வந்து நொந்துகொண்டார். "கரையேறப் போற நேரத்துல கல்லைக் கட்டிக்கிறாங்க. ஒரே ஒரு நிகழ்வு. அடிக்குறிப்புல போட்டாப் போதும். நீங்களாவது சொல்லுங்க." நான் சொல்லிப் பார்த்தேன். அக்கா ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். நூற்று அறுபது வெள்ளங்களோடு இந்த ஒன்றையும் சேர்த்துப் புதிதாகக் கணக்கிட்டிருந்தார். முன்பு முப்பத்தொன்று. இப்போது முப்பத்துமூன்று.

"ரெண்டு சென்டிமீட்டர் தம்பி. சராசரியில அன்னைக்கு நடந்தது வெறும் ரெண்டு சென்டிமீட்டர்." தாளை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதை அடிக்குறிப்புல போடச் சொல்றாரு."

அந்த அத்தியாயத்துக்கு மேலும் ஒன்றரை வருடம் பிடித்தது. மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதைப் பார்த்து, ஊற ஊறப் பயந்தாங்கொள்ளியின் பேச்சுக்கு மதிப்பை ஏற்றுகிற ஒரு வழியைக் கண்டுபிடித்தார். ஒரே எண்ணுக்குப் பதிலாக, இதிலிருந்து இதுவரை வரலாம், இதைத் தாண்ட நூற்றில் இத்தனை வாய்ப்பு என்று சொல்லும்படி மாற்றினார். அந்த ஒன்றரை வருடத்தில் அவர் மகள் அவரைவிட உயரமாகிவிட்டாள். கணவர் வெள்ளிக்கிழமைகளில் வருவதும் குறைந்தது. "வீட்லதான் இருக்கா. பேசிப் பார்த்தா ஆள் இல்ல" என்று ஒருமுறை போனில் சொன்னார், அந்தத் தடவை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஆய்வேட்டை அந்த அத்தியாயத்தில் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "நூத்தி அறுபத்தொண்ணுல ஒண்ணு. அதுக்கு ஏன் இவ்வளவு பக்கம்?"

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மத்த நூத்தி அறுபதுல யாரும் என்னை ஒண்ணும் கேக்கல சார். வீட்டை விட்டுக் கிளம்பணுமான்னு ஒருத்தர் கேட்டது இது ஒண்ணுலதான்."

பட்டம் கிடைத்தது. கேன்டீன்காரர் எல்லோருக்கும் இலவசமாகத் தேநீர் கொடுத்தார். எச்சரிக்கை அலுவலகத்தில் அவருடைய புதிய முறையை விளக்கச் சொன்னார்கள், போய் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அங்கிருந்த அதிகாரி, "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா ஜனங்களுக்கு ஒரு நம்பர் போதும். அந்த ஒண்ணை மட்டும் குடுங்க" என்றாராம்.

இந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு, அலுவலகம் திறப்பதற்கு முன்பே, அவர் எங்கள் பிரிவு வாசலில் நின்றார். "தம்பி, மூணாவது தெருவும் அதுக்குக் கீழயும் எத்தனை வீடு இருக்கு?"

"இருபத்தொண்ணு. ஏன்க்கா, எண் என்ன வந்திருக்கு?"

"ஆறரை. மண்ணு பாதிதான் நனைஞ்சிருக்கு. எட்டரையைத் தாண்ட நூத்துல அஞ்சுதான்."

"அப்ப ஒண்ணும் இல்லையே."

"நூறு தடவை இப்படிச் சொன்னா அஞ்சு தடவை தாண்டும். அந்த அஞ்சுல இன்னைக்கும் ஒண்ணான்னு எனக்குத் தெரியாது." கையில் ஊருக்குப் போகும் பை இருந்தது. "வரைபடத்தை எடுத்துட்டு வர்றியா?"

யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. வாங்கப் போனால் கிடைத்தும் இருக்காது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நண்பகல். அளவு பார்ப்பவர் இப்போது மேட்டுத் தெருவில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறார். வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தவர் எழுந்தார்.

"என்னம்மா இவ்வளவு தூரம்? நம்பர் என்ன?"

"ஆறரை, அண்ணே."

"அப்ப எதுக்கும்மா வந்தீங்க?"

அக்கா பையைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு அண்ணே" என்றார்.

அவர் அக்காவின் முகத்தையே பார்த்தார். ஆறு புள்ளி ஐந்து என்பதைவிட அந்தச் சொல்லை எடைபோட அவருக்கு அதிக நேரம் பிடித்தது. பிறகு கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு, தைக்காத செருப்பை விட்டுவிட்டு, எங்களுக்கு முன்னால் சரிவில் இறங்கி நடந்தார். முதல் கதவை அவர்தான் தட்டினார். அவர் தட்டியதால்தான் திறந்தார்கள். அந்த மனிதர் வந்து கிளம்பு என்று சொன்னால், எந்த வீட்டிலும் மறுத்துப் பேச நாக்கு எழவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மூட்டை கட்டினார்கள். இருபத்தொரு வீட்டிலிருந்து எண்பத்தேழு பேர் பள்ளிக்கூடத்தின் நான்கு வகுப்பறைகளில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தங்கினார்கள். நடக்க முடியாத ஒரு கிழவரை நாங்கள் நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்தோம். அக்காவும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தார். மூச்சு வாங்கியது, மாற்றிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தும் விடவில்லை.

ஆற்றில் வெள்ளம் வந்தது. ஆறு புள்ளி நாலு வரை ஏறி, நின்று, இறங்கிவிட்டது. அக்காவின் எண் பத்து சென்டிமீட்டர்தான் பிசகியிருந்தது. அவருடைய கணக்கு அவ்வளவு துல்லியமாகப் பலித்த நாள் இத்தனை வருடத்திலேயே குறைவு. அதைச் சொல்லி அவரைத் தேற்றலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. ஜனங்கள் கீழே இறங்கிப்போனார்கள். சிலர் சிரித்தார்கள். அடுப்பில் வைத்துவிட்டு வந்தது கெட்டுப்போயிருக்கும் என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டாள். கடைசியாகக் கிளம்பியவர் மூன்றாவது தெருவில் சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்காரர். தன் கருவிகளையெல்லாம் ஒரு போர்வையில் கட்டி, முந்தின நாள் மேட்டுக்கு இழுத்து வந்திருந்தார். அதே பாரத்தை இப்போது திரும்ப இழுக்க வேண்டும்.

"ஒரு நாள் பொழப்பு போச்சு. பெரிய படிப்பு படிச்சவங்கன்னு நம்பி வந்தோம் பாருங்க, எங்களைச் சொல்லணும். தண்ணி படிக்கட்டைக்கூடத் தொடல!"

"தப்புதாங்க" என்றார் அக்கா.

"அடுத்த தடவை நீங்க வந்து கூப்பிட்டா ஒரு ஈ காக்கா வராது. சொல்லிட்டேன்."

"தெரியுங்க."

அவர் போர்வை மூட்டையின் முடிச்சைப் பிடித்து இழுத்தார். சேற்றில் ஒரு முழம் நகர்ந்து நின்றது. இன்னும் என்னென்னவோ சொல்லி வைதுகொண்டிருந்தார். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து மூட்டையின் மறுமுனையைத் தூக்கினார். அவர் வைவதை நிறுத்தவில்லை; அக்கா மூட்டையை விடவில்லை. இருவரும் சரிவில் இறங்கினார்கள்.